மூன்று கழன்றது, நாலாவது மறுத்தது!

பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் ராத்திரி பத்தரை மணிக்கு, "அம்மா, புள்ள உடம்பு அனலாக் கொதிக்குது" என்று எழுப்பினாள். தெர்மாமீட்டரில் 101 டிகிரி. பேரனுக்கு அப்போது வயது இரண்டு மாதமும் பத்து நாளும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே, கை வைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிப் போக வேண்டும் என்று தடுப்பூசி போட்ட நர்சம்மா சொல்லியிருந்தார். "விருதுநகருக்குக் கிளம்புங்க" என்றேன் இவரிடம்.

வாசலில் கார் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்கிறது. பின் சக்கரத்தில் காற்றே இல்லை!

ஸ்டெப்னி இருக்கிறதே, மாற்றிவிடலாம் என்று இவர் உட்கார்ந்தார். டார்ச் பிடித்தது நான். மூன்று நட்டு கழன்றது. நாலாவது லாக் நட்டு. சக்கரத்தைத் திருடர்கள் கழற்றிப் போகாமலிருக்க, சக்கரத்துக்கு ஒன்று வீதம் போடுவது. அதன் தலை பூப்போல வெட்டியிருக்கும். அதற்கென்றே உள்ள சாவியைப் பொருத்தித்தான் திருப்ப வேண்டும். நாங்கள் வாங்கியது பழைய கார்; லாக் நட்டு முன்பு வைத்திருந்தவர் போட்டது. சாவி டிக்கியில் இருந்தது, நல்லவேளை என்று நினைத்தேன். இவர் ஸ்பேனரில் காலை வைத்து மிதித்தார். 'பட்'டென்று ஒரு சத்தம். சாவியின் பல் உடைந்து கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு காரைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமையில்லை. எதிர்வீட்டுத் தம்பி தீக்குச்சி மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோவை எடுத்தார். மகள் பிள்ளையோடு முன்னால். நானும் இவரும் பின்னால் சாக்கின் மேல். ஆமத்தூரிலிருந்து விருதுநகர் அவ்வளவு தூரமா என்று அன்றைக்குத்தான் தோன்றியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூன்று நாள் மருந்து ஏற்றி, காய்ச்சல் இறங்கிப் பிள்ளை பால் குடித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

வீடு திரும்பிய மறுநாள் டயர் கடை அண்ணாச்சி வந்தார். இவர் வேலைக்குப் போய்விட்டதால் நான்தான் கூட நின்றேன்.

"என்ன தாயி, யாரோ ஏர் கன்னு வச்சு இறுக்கித் தள்ளியிருக்காங்க" என்றார். சின்னக் காரின் நட்டுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதுமாம். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் அழுத்தம் அது. கையால் இறுக்கியிருந்தால் சாவி உடைந்திருக்காது.

கூட வந்த பையன், "அண்ணாச்சி, மேல ஒரு நட்டை வெல்டிங் வச்சுத் திருப்பிரலாமே" என்றான். அண்ணாச்சி பக்கத்து வீட்டுத் திண்ணையைக் காட்டினார். அங்கே பெண்கள் வெடிக்குச் சுற்றிய காகிதக் குழாய்கள் மலைபோல் காய்ந்துகொண்டிருந்தன. மருந்து இல்லாத வெறும் குழாய்தான், ஆனாலும் காகிதம். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாராவது மறப்போமா? "இந்தத் தெருவுல தீப்பொறியே கூடாதுலே. சூடு பட்டா போல்ட்டும் பலம் போயிரும், டயரும் வெடிக்கும்" என்றார்.

கழற்றி வைத்த மூன்று நட்டையும் முதலில் திரும்ப மாட்டி இறுக்கினார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. மூன்றும் கழன்ற நிலையில் சக்கரத்தின் இழுப்பு முழுவதும் அந்த ஒற்றை நட்டின் மேல் விழுமாம். திரும்ப இறுக்கினால் அதற்குப் பாரம் குறையும். பிறகு துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு, "ஒரு காப்பி குடுங்க தாயி, அது ஊறட்டும்" என்றார். கொடுத்தேன்.

அப்புறம் லாக் நட்டின் தலையைவிட ஒரு நூல் சின்னதான, உள்ளே பன்னிரண்டு மூலையுள்ள பழைய பாக்ஸ் ஸ்பேனரை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினார். இரும்புச் சில் கண்ணில் தெறிக்கும் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி, தானும் கண்ணாடி போட்டுக்கொண்டார். கார் தரையில்தான் நின்றது, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து. ஜாக்கியில் தூக்கிவிட்டு இப்படி மல்லுக்கட்டினால் வண்டி சரிந்து ஆள்மேல் விழும். கைப்பிடியில் நீளமான பைப்பைச் சொருகி, வெட்டி இழுக்காமல் நிதானமாக அழுத்தினார். 'கிரீச்' என்று ஒரு சத்தம், கழன்றேவிட்டது! ஸ்பேனருக்குள் சிக்கிய நட்டைத் தட்டி எடுக்கத்தான் அதைவிட நேரமானது.

மற்ற மூன்று சக்கரத்திலும் இந்த வேலையே வேண்டாம் என்று நானே சொல்லி, எல்லா லாக் நட்டையும் எடுக்கச் செய்தேன். சாதா நட்டு வாங்கும்போதும் கவனம் வேண்டும். 12 மில்லி என்று மட்டும் கேட்டால் போதாது. மரையின் இடைவெளி 1.25, 1.5 என்று இரண்டு விதம் உண்டு. மாறிப் போட்டால் போல்ட்டின் மரை போய்விடும். பழைய நட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தே வாங்கினோம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொன்னார் அண்ணாச்சி.

சாயங்காலம் இவர் வந்து, "என்னைக் கேக்காம எல்லாத்தையும் எடுத்துட்டியா? சக்கரத்தைக் கழட்டிட்டுப் போயிட்டா?" என்றார். போனால் போகட்டும் என்றேன். பேரன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.