போதைப் பழக்கத்தைக் கண்டறிவதில் செவிலியர் பணி

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேறு காரணங்களுக்காக வருபவர்களிடமும் மது, புகையிலை, கஞ்சா போன்றவற்றின் பயன்பாடு குறித்துக் கேட்டறிந்து, பாதிப்பின் அளவை மதிப்பிடுவது போதைப் பழக்கக் கண்டறிதல் எனப்படும். மருத்துவர் எப்போதும் கிடைக்காத ஊர்களில் இப்பணியைச் செவிலியர்களே செய்ய இயலும்.

பின்னணி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் நெடுங்காலமாகக் கள்ளச்சாராயம் காய்ச்சப்பட்டு வந்துள்ளது. 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்த 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தெரியும். வழக்குக்கு அஞ்சிக் குடித்ததை மறைத்தால் சிகிச்சைக்கான நேரம் வீணாகிறது. நோயாளி அச்சமின்றி உண்மையைச் சொல்லக்கூடிய செவிலியர் ஊரில் இருப்பது இதனால் முக்கியமாகிறது.

கேள்வி முறை

உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய 'ஆடிட்' வினாத்தாளில் 10 கேள்விகள் உள்ளன. எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு குடிக்கிறார், நிறுத்த முடியாமல் போகிறதா, பிறர் கவலை தெரிவித்தனரா என்பவை கேட்கப்படும். மொத்த மதிப்பெண் 40. எட்டுக்குக் கீழ் இருந்தால் அபாயம் குறைவு. 8 முதல் 15 வரை எளிய அறிவுரை. 16 முதல் 19 வரை ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும். 20-உம் அதற்கு மேலும் மருத்துவரின் விரிவான மதிப்பீடு தேவை. பல போதைப்பொருள்களை ஒருசேரக் கேட்க 'அசிஸ்ட்' என்னும் 8 கேள்வி வினாத்தாள் உதவும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கு வீடு தேடிச் சென்று பரிசோதனையும் மருந்தும் தரப்படுகின்றன. மதுப் பழக்கம் பற்றிய கேள்விகளை இத்தகைய சந்திப்புகளிலேயே, அக்கம்பக்கத்தார் காதில் விழாதவாறு, கேட்கலாம்.

கவனிக்க வேண்டியவை

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். சோதனைகளால் ஊரில் சாராயம் கிடைக்காமல் போகும் நாள்களிலும் இவ்வாறு நேரலாம். எனவே அவர்களை மருத்துவமனைக்கு அனுப்புவதே பாதுகாப்பானது. சாராயம் குடித்தபின் பார்வை மங்கல், வயிற்றுவலி, மூச்சிரைப்பு தோன்றினால் கேள்வித்தாளுக்காகக் காத்திராமல் உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். போதை மீட்பு ஆலோசனைக்கான தேசிய இலவச உதவி எண் 14446 ஆகும்.