பிசியோதெரபி கருவியில் காந்தத் திரவ பிரேக்: உட்காருமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

பக்கவாதத்தில் தளர்ந்த கையும் அறுவை சிகிச்சை முடிந்த முழங்காலும் பலம் பெற, அளவான எதிர்ப்பை மீறி அசைத்துப் பழக வேண்டும். அந்த எதிர்ப்பைச் சில கருவிகளில் காந்தத் திரவ பிரேக் தருகிறது. பிரேக்கிலுள்ள திரவம் 1940களின் இறுதியில் அமெரிக்க அரசு ஆய்வகத்தில் ஜேக்கப் ராபினோ உருவாக்கியது. எண்ணெயில் சில மைக்ரான் அளவுள்ள இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். பிரேக்கிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உண்டானதும் துகள்கள் கோத்துக்கொள்ள, சில மில்லி விநாடிகளில் எண்ணெய் களிம்புபோல் இறுகும். மின்சாரம் நின்றால் இளகிவிடும்.

எதிர்ப்பை மோட்டாரால் தரும் கருவி கோளாறானால் கையை இழுத்து முறுக்கிவிடக்கூடும். பிரேக்கால் தடுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. அதனால் வடிவமைப்பாளர்கள் இதைத் தேர்ந்தெடுப்பது சரிதான். ஆனால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழு பலத்தோடு காலை நீட்டும்போது கரண்ட் போனால் எதிர்ப்பு சட்டென்று மறைந்து கால் முன்னே வீசும். தையல் ஆறாத முழங்காலுக்கு அந்த ஒரு வீச்சே போதும். கருவி வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் துகள் அடியில் படிந்து, முதல் சில சுற்றுகளில் எதிர்ப்பு ஏறி இறங்கலாம். சூடேறினால் இறுக்கம் குறையலாம். தண்டைச் சுற்றிக் கருமையான எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சீல் கசிகிறது என்று பொருள். பழுது பார்க்கும்வரை அதில் உட்காராதீர்கள்.

முதலில் கருவியை வெறுமனே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கரண்ட் போனால் காலைத் தாங்கித் தடுக்க ஏதாவது இருக்கிறதா, நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டுமா என்று கேளுங்கள். பிரேக்கில் காந்தப்புலம் இருப்பதால் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. எனவே உரிமமோ பதிவோ இருக்கிறதா என்று தயங்காமல் கேட்கலாம்.

காயம் பட்டால் கருவியின் பெயர், வரிசை எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் அன்றே குறித்து, போட்டோ எடுத்து, பில்லையும் பத்திரப்படுத்துங்கள். காசியாபாத்திலுள்ள இந்திய பார்மகோபியா ஆணையம் மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளை 2015 முதல் பதிவு செய்துவருகிறது. 1800 180 3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். இழப்பீடு வேண்டுமென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிப்பாளர் மீதும், கட்டணம் வாங்கிச் சிகிச்சை தந்த மையத்தின் மீதும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழிகாட்டுதலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். காயம் ஆறட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். புகாருக்குக் கெடு 2 ஆண்டுகள்தான்.