ஓசூர் பஸ்சில் ஏறிய "எம்டன்"! சென்னை மீது குண்டு வீசிய கப்பலின் கதை

ஓசூர்,

"எங்க சூப்பர்வைசர் இருக்காரே, சரியான எம்டன்! அவர் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது."

சிப்காட்டுக்குப் போகும் பஸ்சில் ஒரு தொழிலாளி இப்படிப் புலம்பினார். "எம்டன்னா யாருண்ணே?" என்று கேட்டான் பக்கத்து சீட்டுப் பையன். "பலே கில்லாடின்னு அர்த்தம்டா" என்றார் அவர்.

எம்டன் ஆள் அல்ல. ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். அதுவும் இரவல் பெயர்தான். எம்டன் என்பது ஜெர்மனியில் உள்ள ஒரு துறைமுக நகரம். கடலே இல்லாத நம்ம ஓசூருக்கு அந்த ஊர்ப் பெயர் வந்தது எப்படி?

இரவு 9.30 மணி

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி. முதல் உலகப்போர் தொடங்கி 2 மாதம்கூட ஆகவில்லை. 'குரூசர்' எனப்படும் வேகப் போர்க்கப்பலான எம்டன், இருட்டில் சென்னையை நெருங்கியது. கேப்டன் பெயர் கார்ல் வான் முல்லர்.

திடீரென்று சரமாரியாகக் குண்டுகள்! சுமார் அரை மணி நேரத்தில் 120-க்கும் மேல் பாய்ந்தன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்கிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலும் தப்பவில்லை. குறைந்தது 5 பேர் பலியானார்கள். கரையில் இருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் பலன் இல்லை. எம்டன் இருட்டில் மாயமாகிவிட்டது.

மறுநாள் முதல் சென்னையில் ஒரே பீதி. மூட்டை முடிச்சுகளுடன் ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தார்கள். அன்றுதான் 'எம்டன்' தமிழில் ஒரு சொல் ஆனது.

ஊரோடு மோதிய ஊர்

எம்டனுக்கு 3 புகைபோக்கிகள். நாலாவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டி, பிரிட்டிஷ் கப்பல்போல வேஷம் போட்டது. அக்டோபர் 28-ந் தேதி பினாங்குக்குள் புகுந்து ரஷிய குரூசர் ஒன்றை மூழ்கடித்தது.

ஆட்டம் நவம்பர் 9-ந் தேதி முடிந்தது. கோகோஸ் தீவு அருகே அதை மடக்கியது ஆஸ்திரேலிய குரூசர். அதன் பெயரும் ஊர்ப் பெயர்தான்: 'சிட்னி'! எம்டனில் 130-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்களுக்கு, குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனியில் பிற்பாடு அனுமதி கிடைத்தது.

பெயர் சாகவில்லை

கப்பல் போனாலும் பெயரை விடவில்லை. 1916-ல் அடுத்த எம்டன் குரூசர் கடலில் இறங்கியது. 1925-ல் மூன்றாவது எம்டன் வந்தது. 2-வது 'சிட்னி' குரூசர் 1941-ல் ஜெர்மன் கப்பலுடன் மோதி மூழ்கியது. அதில் இருந்த 645 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

நம்ம பக்கத்து மைசூருக்கும் இந்தப் பெருமை உண்டு. பிரிட்டனிடம் வாங்கிய 'நைஜீரியா' என்ற குரூசர், 'மைசூர்' என்ற பெயரில் 1957 முதல் 1985 வரை இந்தியக் கடற்படையில் ஓடியது. 1999-ல் அதே பெயரில் புதிய நாசகாரிக் கப்பல் வந்தது.

சென்னை ஐகோர்ட்டு வளாகச் சுவரில், எம்டன் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. குண்டு போட்ட கப்பலின் பெயர் ஓசூர் பஸ் வரைக்கும் வந்துவிட்டது. அன்றிரவு செத்த 5 பேரின் பெயர் யார் வாயிலும் இல்லை.