புயல் காலத்தில் பாதுகாப்பிடம் செல்லும்போது காயமடைந்தவர்களுக்கான நிவாரணமும் சட்ட வழிகளும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முன்னரே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். இந்த முன்னேற்பாடு பல உயிர்களைக் காத்தது. எனினும், இருளிலும் மழையிலும் இடம்பெயரும்போது காயங்கள் நேர்வதுண்டு. முதியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது; ஓட்டுக்கூரை சரிகிறது; தென்னை மரம் சாய்கிறது; ஆட்களை ஏற்றிச்சென்ற வண்டி கவிழ்கிறது. இவ்வாறு காயமடைந்தவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் அறிந்திருக்க வேண்டியவை இங்கே விளக்கப்படுகின்றன.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

சிகிச்சையே முதன்மையானது. 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077; மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070.

மருத்துவமனையில் காயம் எங்கு, எப்போது, எவ்வாறு ஏற்பட்டது என்பதை மருத்துவரிடம் முழுமையாகக் கூறுங்கள். விபத்துப் பதிவேட்டில் முதல் நாளில் எழுதப்படும் குறிப்பே பின்னர் நிவாரணத்துக்கும் வழக்குக்கும் அடிப்படையாகிறது. "கீழே விழுந்தார்" என்று மட்டும் பதிவானால், அக்காயம் பேரிடரோடு தொடர்புடையது என்பதை நிறுவுவது கடினம். "புயல் எச்சரிக்கையின் பேரில் நிவாரண மையத்துக்குச் செல்லும் வழியில், இரவு 11 மணியளவில், வாய்க்கால் பாலத்தில் விழுந்தார்" என்று பதிவானால் ஐயத்துக்கு இடமில்லை. பல மாதங்களுக்குப் பிறகு வந்து கேட்டால், பதிவேட்டை மாற்றி எழுத எந்த மருத்துவராலும் இயலாது. ஆகவே, நோயாளி பேசும் நிலையில் இல்லையெனில், உடன் வந்தவர் நடந்ததை நடந்தவாறே தெரிவிக்க வேண்டும்.

கீழ்க்கண்ட ஆவணங்களைப் பாதுகாத்து வையுங்கள்:

- விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்றிதழ்
- வெளிநோயாளர் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகள்
- மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கம் (சேர்க்கப்பட்ட நாளும் விடுவிக்கப்பட்ட நாளும் அதில் இருத்தல் வேண்டும்)
- நிவாரண மையப் பதிவேட்டில் உங்கள் பெயர் இடம்பெற்றதற்கான ஆதாரம்
- சம்பவ இடத்தின் புகைப்படம், உடனிருந்தவர்களின் பெயர், தொலைபேசி எண்

மருத்துவப் பதிவுகளின் நகலைக் கோரினால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி.

அரசு நிவாரணம் எவ்வளவு?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ஒன்றிய அரசு வகுத்த அளவுகள்:

- உயிரிழப்பு: ₹4,00,000
- கை, கால் அல்லது கண் இழப்பு, 60 விழுக்காட்டுக்கு மேல் ஊனம்: ₹2,50,000
- அதே இழப்பு, 40 முதல் 60 விழுக்காடு வரை ஊனம்: ₹74,000
- ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் தங்க நேர்ந்த கடுங்காயம்: ₹16,000
- ஒரு வாரத்துக்குக் குறைவாகத் தங்க நேர்ந்த கடுங்காயம்: ₹5,400

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கடைசி இரு பிரிவுகள் பொருந்தா. ஊனத்தின் அளவையும் அதன் காரணத்தையும் அரசு மருத்துவர் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையின் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள தொகையை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

விண்ணப்பத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ அளித்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். பதில் வராவிடில், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

நிவாரணம் பெற்றால் இழப்பீடு கோர முடியாதா?

கோரலாம். நிவாரணம் என்பது அரசு வழங்கும் உதவித்தொகை. இழப்பீடு என்பது பொறுப்புடையவரிடமிருந்து சட்டப்படி பெறுவது. எனினும், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகம் உள்ள தாளில், படித்துப் பார்க்காமல் கையொப்பமிட வேண்டாம்.

வாகன விபத்து: பாதுகாப்பிடத்துக்குச் சென்ற வேன், லாரி, பேருந்து விபத்துக்குள்ளானால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். யார்மீது தவறு என்று நிரூபிக்காமலேயே கடுங்காயத்துக்கு ₹2,50,000, உயிரிழப்புக்கு ₹5,00,000 கோர 164ஆம் பிரிவு வழிசெய்கிறது. விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் அவசியம்.

பணியின்போது காயம்: மரம் வெட்டி அகற்றுதல், மின்கம்பம் நடுதல் போன்ற பணிகளில் கூலிக்கு ஈடுபட்டுக் காயமுற்றவர், சட்டப்படி உரிய காலத்துக்குள் இழப்பீடு கோரலாம். ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வந்திருந்தாலும், பணியை ஒப்படைத்த நிறுவனத்துக்கும் பொறுப்புண்டு.

அறுந்து விழுந்த மின்கம்பி: இத்தகைய விபத்தில், கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிடினும் மின்வழங்கல் நிறுவனமே பொறுப்பு என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

அரசின் நடவடிக்கை குறித்த குறை: பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 73ஆம் பிரிவு நல்லெண்ணத்துடன் பணியாற்றிய அலுவலர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. 71ஆம் பிரிவின்படி, இச்சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே விசாரிக்க இயலும். எனவே, உரிய நிவாரணம் மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். தஞ்சாவூர் மாவட்டத்தினர் மதுரைக் கிளையையும், நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டத்தினர் சென்னையையும் அணுக வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே?

சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு, வெள்ளம் போன்ற பேரிடர்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது. இதற்கு வருமான வரம்பு இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகுங்கள். அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள்.

ஊனம் நிலைத்துவிட்டால்

மருத்துவ வாரியத்தின் மதிப்பீட்டில் ஊனம் 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை பெற்று அரசின் நலத்திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். எலும்பு முறிவுக்குப் பின் இயன்முறைச் சிகிச்சையை இடையில் நிறுத்தாதீர்கள். இழப்பீட்டுத் தொகை குறைந்துவிடும் என்று அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உடலுக்கும் கேடு. வழக்கிலும் உங்களுக்கு எதிராகவே முடியும்.

நினைவில் கொள்க

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். முதலில் வழங்கப்பட்ட நிவாரணம் போதாது என்று பெற்றோர் நீதிமன்றத்தை நாடினர். பல ஆண்டுகள் கழித்தே, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைக் கொண்டு இழப்பீடு மதிப்பிடப்பட்டது. இத்தகைய நீண்ட வழக்குகளில் காயத்தின் தன்மைக்குச் சான்றாக நிற்பவை மருத்துவ ஆவணங்களே. ஒவ்வொரு தாளையும் நகலெடுத்து, நெகிழி உறையிலிட்டுப் பாதுகாத்து வையுங்கள். அடுத்த புயல் எச்சரிக்கை வரும்போது, மருந்துகளோடும் குடும்ப அட்டையோடும் அந்த உறையும் உங்கள் பையில் இருக்கட்டும்.