தோளிலிருந்து பாயும் ஏவுகணை: கார்கில் முதல் சண்டிப்பூர் வரை

கடக்வாஸ்லா: புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயிற்சி பெற்றவர்களுள் ஸ்குவாட்ரன் லீடர் அஜய் ஆஹுஜாவும் ஒருவர். 1999 மே 27 அன்று கார்கில் பகுதியில், மிக்-27 விமானத்திலிருந்து குதித்த சக விமானியைத் தேடிச் சென்ற அவரது மிக்-21 விமானம், தோளில் வைத்து ஏவப்படும் ஏவுகணையால் தாக்கப்பட்டது. உயிர்த்தியாகம் செய்த அவருக்கு வீர சக்ரா விருது வழங்கப்பட்டது. மறுநாள் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்றும் இத்தகைய ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர்.

ஓரிரு வீரர்களே சுமந்து சென்று இயக்கக்கூடிய ஆயுதம் இது. ஏவுகணையின் முனையிலுள்ள அகச்சிவப்பு உணர்கருவி, விமான எஞ்சினின் வெப்பத்தை அடையாளம் காண்கிறது. விசையை அழுத்தியதும் சிறிய மோட்டார் ஏவுகணையைக் குழலிலிருந்து வெளியே தள்ளுகிறது. பாதுகாப்பான தொலைவுக்குச் சென்ற பின்னரே முதன்மை மோட்டார் எரியத் தொடங்குகிறது. இல்லையெனில் ஏவிய வீரரையே அதன் தீப்பிழம்பு தாக்கிவிடும். அதன்பின் இலக்கைத் தொடர்வது ஏவுகணையின் பணி. வீரர் உடனே இடம் மாறிவிடலாம். ரேடார் அலை எதுவும் வெளிப்படாததால் விமானிக்கு முன்னெச்சரிக்கை கிடைப்பது அரிது. 3 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏவப்பட்டால், தப்பிக்க ஐந்தாறு விநாடிகளே இருக்கும். எஞ்சினைவிடச் சூடான தீப்பொறிகளை உதிர்த்து ஏவுகணையைத் திசைதிருப்புவதே வழக்கமான தற்காப்பு.

கார்கிலில் நிலப்பரப்பும் எதிரிக்கே சாதகமாக இருந்தது. இவ்வகை ஏவுகணை ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் உயரம் வரையே எட்டும் என்றாலும், 5,000 மீட்டர் உயரச் சிகரத்திலிருந்து ஏவினால் அந்த உயரமும் கூடிவிடுகிறது. எனவே தாக்குதல் பணியிலிருந்து ஹெலிகாப்டர்கள் விலக்கப்பட்டன. போர் விமானங்கள் மேலும் உயரத்தில் பறந்தன. அவ்வுயரத்திலிருந்து குறி தவறாமல் தாக்க, மிராஜ்-2000 விமானங்களின் லேசர் வழிகாட்டு குண்டுகள் தேவைப்பட்டன. விலை குறைந்த ஓர் ஆயுதம், ஒரு விமானப்படையின் உத்தியையே மாற்றியது.

இந்திய ராணுவம் நெடுங்காலமாக ரஷ்யாவின் இக்லா ஏவுகணைகளையே நம்பியிருந்தது. அதற்கு மாற்றாக, ஹைதராபாத் இமாரத் ஆராய்ச்சி மையம் மிகக் குறுகிய தூர வான் பாதுகாப்பு ஏவுகணையை உருவாக்கியுள்ளது. குழலை விட்டு வெளியேறும்போது வேகம் குறைவாக இருப்பதால் இறக்கைகளால் மட்டும் திசை திருப்ப இயலாது. அதற்கென நுண்ணிய உந்துகருவிகள் இதில் பொருத்தப்பட்டுள்ளன. 2025 பிப்ரவரி 1 அன்று ஒடிசாவின் சண்டிப்பூரில் நடந்த மூன்று சோதனைகளில், தாழப் பறக்கும் ட்ரோன்களைப் போன்று குறைந்த வெப்பம் வெளியிடும் இலக்குகளை இது அழித்தது. எஞ்சின் வெப்பத்தை நம்பிப் பிறந்த இந்த ஆயுதத்துக்கு, வெப்பமே அதிகம் வெளியிடாத அத்தகைய ட்ரோன்கள்தான் இன்றைய கடினமான இலக்கு.