மூப்படைந்த ஜெட் விமானமும் புதிய கருவிப் பலகையும்

எட்டுப் பத்துப் பேர் மட்டுமே அமர்ந்து செல்லக்கூடிய சிறிய ஜெட் விமானங்கள் உலகெங்கும் பல்லாயிரக் கணக்கில் பறந்து வருகின்றன. தொழில் நிறுவனங்களும், அரசாங்கங்களும், நோயாளிகளை ஏற்றிச் செல்லும் அமைப்புகளும் இவற்றைப் பயன்படுத்துகின்றன. வர்த்தக ஜெட் என்பது இவற்றுக்கு வழங்கும் பொதுப் பெயர். பெரிய பயணி விமானம் ஒன்று ஆண்டுக்கு மூவாயிரம் மணி நேரத்துக்குக் குறையாமல் பறப்பதுண்டு. வர்த்தக ஜெட்டோ பெரும்பாலும் சில நூறு மணி நேரமே பறக்கிறது. ஆகவே அதன் அலுமினிய உடலும் இறக்கைகளும் முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் உறுதி குன்றாமல் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் விமானியின் கண்முன் உள்ள கருவிப் பலகை அவ்வளவு காலம் தாங்குவதில்லை. அதற்கு வேறொரு காலக் கணக்கு உண்டு.

ஓர் உதாரணத்தைக் காண்போம். ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் வடிவமைத்த டயமண்ட் என்ற சிறிய ஜெட் 1978-ல் முதன்முதலாகப் பறந்தது. 1985-ல் அதன் உரிமையை அமெரிக்காவின் பீச்கிராப்ட் நிறுவனம் பெற்றது. பீச்ஜெட் 400 என்றும், பின்னர் 400ஏ என்றும், அதன் பின்னர் ஹாக்கர் 400எக்ஸ்பி என்றும் பெயர் மாறி அதே விமானம் கட்டப்பட்டு வந்தது. அமெரிக்க விமானப் படையும் டி-1ஏ என்ற பெயரில் அதனைப் பயிற்சிக்கு வாங்கியது. 400ஏ வெளிவந்த 1990-ஆம் ஆண்டையொட்டி அதன் விமானி அறை மிகவும் புதுமையானதென்று மதிக்கப்பட்டது. முள் சுழலும் வட்டக் கருவிகளில் பலவற்றை நீக்கி, காலின்ஸ் நிறுவனத்தின் வண்ணப் படத்திரைகளை அங்கே பொருத்தியிருந்தார்கள். இன்று அந்தத் திரைகளே சங்கடத்துக்குக் காரணமாகிவிட்டன.

அவை கேதோடு கதிர்க் குழாய்கள். நம் வீடுகளில் முன்பிருந்த, பின்புறம் நீண்டு பருத்த தொலைக்காட்சிப் பெட்டியின் உள்ளே இருந்ததும் இதே வகைக் குழாய்தான். உயர்ந்த மின்னழுத்தத்தில் எலெக்ட்ரான் கற்றை ஒன்று பாய்ந்து, கண்ணாடியின் உட்புறத்தில் பூசிய பாஸ்பரை ஒளிரச் செய்கிறது. பாஸ்பர் நாளடைவில் மங்குகிறது. ஒரே கோடு ஒரே இடத்தில் நெடுநாள் தோன்றினால் அங்கே வடுவும் விழுகிறது. குழாய் மிகுந்த வெப்பத்தை உண்டாக்குவதால் அதனைக் குளிர்விக்க விசிறிகள் வேண்டும். விசிறி நின்றால் திரையும் விரைவில் கெடும். உலகம் முழுவதும் தொலைக்காட்சிகள் திரவப் படிகத் திரைக்கு மாறிய பிறகு இக்குழாய்களைச் செய்த தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. விமானங்களுக்காக மட்டும் ஒரு தொழிற்சாலையை நடத்த எவராலும் இயலவில்லை. பழுதான திரைக்கு மாற்றுத் தேடுவோர், பறப்பதை நிறுத்தி உடைக்கப்பட்ட வேறொரு விமானத்திலிருந்து கழற்றிய திரையை நாட வேண்டிய நிலை வந்தது. அதுவும் மூப்படைந்த திரையே அல்லவா!

இன்னொரு குறை நினைவாற்றலைப் பற்றியது. வழி கணிக்கும் கம்ப்யூட்டரில் விமான நிலையங்கள், ஓடுபாதைகள், வானவழிகள் ஆகியவற்றின் விவரங்கள் அடங்கியிருக்கும். உலக நியமப்படி 28 நாட்களுக்கொரு முறை இவை புதுப்பிக்கப்படுகின்றன. 1990-களில் செய்த கருவிகள் பலவற்றில் இந்த விவரங்களை மூன்றரை அங்குல நெகிழ்தட்டின் மூலமே ஏற்ற முடியும். அந்தத் தட்டு இன்று கடைகளில் எளிதிற் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், ஆண்டுதோறும் பெருகி வரும் விவரங்களைக் கொள்ளப் பழைய நினைவகத்தில் இடம் போதாது. எனவே சில விமானங்களில் உலகை வட்டாரங்களாகப் பிரித்து, செல்லும் திசைக்குரிய பகுதியை மட்டும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

இவையெல்லாம் உரிமையாளரின் சொந்தத் தொல்லைகள் என்று தோன்றலாம். ஆனால் வானம் பலருக்கும் பொதுவானது. ஒரு விமானத்தின் கருவி தவறினால் அதன் விளைவை அனுபவிப்பவர் வேறொரு விமானத்தில் இருக்கக்கூடும். இதற்கு உயரமானியைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

உயரமானி உண்மையில் ஒரு பாரமானியே. விமானத்தின் பக்கவாட்டிலுள்ள சிறு துளைகளின் வழியே அது வெளிக்காற்றின் அழுத்தத்தை உணர்ந்து, அதனை அடிக்கணக்கில் காட்டுகிறது. கடல் மட்டத்தருகே அழுத்தம் ஒரு மில்லிபார் குறைய நாம் சுமார் 27 அடி ஏற வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் அனிராய்டு பாரமானியை மூன்றாம் மாடிக்கு எடுத்துச் சென்று மாணவர்களுக்கு இந்த மாறுதலைக் காட்டலாம். அழுத்தமானி உள்ள கைப்பேசியும் போதும். மேலே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குன்றுவதால் கணக்கு மாறிவிடுகிறது. 29,000 அடியில் ஒரு மில்லிபாருக்கு ஏறத்தாழ 70 அடி. 41,000 அடியிலோ 115 அடி. கீழே 27 அடிப் பிழையை உண்டாக்கும் அதே சிறு தவறு மேலே நான்கு மடங்குக்கு மேல் பெருகுகிறது. இதனை அஞ்சியே 29,000 அடிக்கு மேல் ஒரு விமானத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே 2,000 அடி உயர வேறுபாடு வேண்டுமென்று நெடுங்காலம் விதித்திருந்தார்கள்.

அழுத்தத்தை மின்னணு முறையில் துல்லியமாகக் கணக்கிடும் கருவிகள் வந்த பிறகு இந்த இடைவெளியை 1,000 அடியாகக் குறைக்க முடிந்தது. 29,000 முதல் 41,000 அடி வரை முன்பு ஏழு தட்டுகள், இப்போது பதின்மூன்று. ஐரோப்பாவில் 2002 ஜனவரியிலும், இந்திய வான்வெளியில் 2003 நவம்பரிலும், அமெரிக்காவில் 2005 ஜனவரியிலும் இம்முறை நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்தத் தட்டுகளில் நுழைய நிபந்தனைகள் உண்டு. ஒன்றையொன்று சாராத இரண்டு உயர அளவீட்டு அமைப்புகள் வேண்டும். தானியங்கி விமான ஓட்டி, குறித்த உயரத்திலிருந்து 65 அடிக்கு மேல் பிசகாமல் விமானத்தை நிறுத்த வேண்டும். உயரம் தவறினால் எச்சரிக்கும் கருவியும், உயரத்தைத் தரையிலுள்ள ராடாருக்கு அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற விடையளிக்கும் ரேடியோவும் இருத்தல் அவசியம்.

1960-களிலும் 70-களிலும் கட்டிய லியர்ஜெட் போன்ற விமானங்களுக்கு இது பேரிடியாக வந்தது. உயரே பறப்பதற்கென்றே பிறந்த விமானத்தை 29,000 அடிக்குக் கீழே அடர்ந்த காற்றில் ஓட்டினால் எரிபொருள் பெருமளவு செலவாகும்; செல்லும் தூரமும் குறையும். கருவிகளை மாற்றுவதா, விமானத்தைக் கைவிடுவதா என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. சில சமயம் புதிய கருவிகளின் விலை விமானத்தின் சந்தை விலையையே எட்டிவிடும். அவ்வாறு கைவிடப்பட்டவை பல. மாற்றியவர்களும் கருவியை வாங்கிப் பூட்டியதோடு நிற்க முடியவில்லை. அழுத்தத் துளையைச் சுற்றியுள்ள உலோகத் தகட்டில் கண்ணுக்குப் புலப்படாத சிறு நெளிவு இருந்தாலும் காற்றோட்டம் மாறி உயரம் தவறாகக் காட்டும். ஆதலால் அப்பகுதியின் வழவழப்பை அளந்து பார்த்தார்கள். வர்ணம் பூசுவதற்கும் கட்டுப்பாடு விதித்தார்கள்.

இத்தகைய விதிகள் அலுவலகத்தில் அமர்ந்து வீணாக எழுதியவை அல்ல என்பதை நம் நாடு கொடிய முறையில் அறிந்தது. 1996 நவம்பர் 12-ஆம் நாள் மாலை, ஹரியானா மாநிலத்தின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி போயிங் 747-ம், டில்லியை நோக்கி வந்த கஜக்ஸ்தானின் இல்யூஷின் 76-ம் மோதின. 349 பேரும் மாண்டனர். வந்த விமானத்துக்குக் குறித்த உயரம் 15,000 அடி. புறப்பட்டதற்கு 14,000 அடி. வந்த விமானம் தன் தட்டைவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. அதில் தரையோடு பேசிய ரேடியோப் பணியாளரின் முன்னே தனி உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே அவர் உயரத்தை அறிய வேண்டியிருந்தது. அப்போது டில்லியில் இயங்கிய ராடார் விமானம் இருக்கும் இடத்தைக் காட்டுமேயன்றி அதன் உயரத்தைக் காட்டாது. நீதிபதி லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. எதிர்வரும் விமானத்தை உணர்ந்து ‘ஏறு’, ‘இறங்கு’ என்று விமானிக்குச் சொல்லும் மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா பின்னர் கட்டாயமாக்கியது.

ஆயினும் புதுக் கருவி இருந்தால் மட்டும் போதும் என்று எண்ணிவிடலாகாது. 2006 செப்டம்பர் 29 அன்று, தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த எம்ப்ரேயர் லெகசி என்ற வர்த்தக ஜெட், பிரேசில் நாட்டின் அமேசான் காடுகளுக்கு மேலே 37,000 அடியில் ஒரு போயிங் 737-உடன் மோதியது. பயணி விமானத்தில் இருந்த 154 பேரும் இறந்தனர். சிறிய ஜெட் இறக்கையின் நுனியை இழந்தும் ஓர் இராணுவ விமான தளத்தில் இறங்கியது. அதிலிருந்த ஏழு பேரும் பிழைத்தனர். இரு விமானங்களிலும் மோதல் தவிர்ப்புக் கருவி இருந்தது. ஆனால் ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செயலற்றுக் கிடந்தது. அது பேசாவிடில் எதிரேயுள்ள விமானத்தின் கருவிக்கும் அதனைக் காண வழியில்லை. தரைக் கட்டுப்பாட்டாளர்களின் தவறுகளும் இதிற் சேர்ந்திருந்தன. கருவி செயலற்றிருப்பதைத் தெரிவிக்கும் குறிப்பு திரையில் இருக்கத்தான் செய்தது. சிறு எழுத்தில் அமைதியாக இருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. இவ்வாறான செயலிழப்பை விமானியின் கவனத்தை ஈர்க்கும் வண்ணம் எச்சரிக்க வேண்டுமென்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் பரிந்துரைத்தது. பழைய விமானத்துக்குப் புதுப் பலகை அமைப்போர் திரையின் அளவையும் வண்ணத்தையும் புகழ்வதற்கு முன் இந்த நிகழ்ச்சியை ஒரு முறை நினைத்துப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

இனி, வேலை நடைபெறும் விதத்தைக் கூறுவோம். விமானம் பல வாரங்கள் கொட்டகையில் நிற்கும். இருக்கைகளையும் உட்புறப் பலகைகளையும் கழற்றி, பழைய கம்பிக் கட்டுகளை வெளியே எடுப்பார்கள். அவற்றின் மேலுறை பல இடங்களில் வெடித்திருக்கும். எந்த வரைபடத்திலும் காணப்படாத கம்பிகளும் அகப்படும். முன்னொரு காலத்தில் யாரோ இணைத்து மறந்தவை. சுழன்று சுழன்று தாங்கிகள் தேய்ந்துபோன கைராஸ்கோப்புகளுக்குப் பதிலாக, அசையும் உறுப்பில்லாமல் ஒளியின் மூலம் சாய்வை உணரும் கருவிகள் வைக்கப்படுகின்றன. பருமனான கேதோடு குழாய்கள் போய், மெல்லிய திரவப் படிகத் திரைகள் இரண்டோ மூன்றோ வருகின்றன. பீச்ஜெட் வகையில் இரு பாதைகள் தோன்றின. நெக்ஸ்டன்ட் என்ற நிறுவனம் எஞ்சின்களையும் கருவிப் பலகையையும் சேர்த்தே மாற்றி, அந்த விமானத்துக்கு 2011-ல் சான்றிதழ் பெற்றது. எஞ்சினை அப்படியே விட்டுப் பலகையை மட்டும் மாற்றும் கார்மின் நிறுவனத்தின் தொகுதி சில ஆண்டுகள் கழித்து வந்தது.

பழைய தானியங்கி ஓட்டியை வைத்துக்கொண்டு திரைகளை மட்டும் மாற்றுவதே இவ்வேலையில் கடினமான பகுதி. பழையது மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகக் கட்டளையை எதிர்பார்க்கிறது. புதியதோ எண்களாகப் பேசுகிறது. இடையே ஒரு மொழிபெயர்ப்புக் கருவி அமைத்து, ஒவ்வொரு நிலையிலும் பறந்து சோதிக்க வேண்டும். ஒரு கருவியின் ரேடியோ அலை மற்றொன்றைக் குழப்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். மூக்குப் பகுதியின் எடை குறைந்துவிட்டால் விமானத்தின் எடை மையம் பின்னே நகரும். ஆதலால் விமானத்தை மீண்டும் எடை போடுகிறார்கள். இவையனைத்துக்கும் பின்னரே துணை வகைச் சான்றிதழ் என்ற அனுமதி கிடைக்கிறது.

புதிதாகச் சேர்வனவற்றுள் துணைக்கோள் ஏற்பி நமக்குச் சிறப்பாக உரியது. அமெரிக்க வான்வெளியின் பெரும்பகுதியில் விமானம் தன் இருப்பிடத்தைத் தானே இடைவிடாது ஒலிபரப்ப வேண்டுமென்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது, அதற்கு ஜி.பி.எஸ். இன்றியமையாதது. ஜி.பி.எஸ். அலைகள் அயனி மண்டலத்தைக் கடக்கையில் தாமதமடைகின்றன. நிலநடுக்கோட்டை அடுத்த நம் நாட்டின் மேல் அம்மண்டலம் மிகவும் அமைதியற்றது. தரை நிலையங்களில் அந்தப் பிழையை அளந்து, திருத்தத்தைத் துணைக்கோள் வழியாக விமானத்துக்கு அனுப்பும் ககன் என்ற அமைப்பை இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கின. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட் நிலையத்தில் ஒரு பயணி விமானம் இதன் துணைகொண்டு தரையிறங்கியது. ஓடுபாதையருகே விலையுயர்ந்த வழிகாட்டிக் கருவிகள் இல்லாத சிறு நிலையங்களுக்கு இது பெரும் வசதி. ஆனால் பழைய ஏற்பிக்குத் திருத்த அலையைக் கேட்கத் தெரியாது. ககனைப் பயன்படுத்த அதற்குரிய புது ஏற்பியே வேண்டும்.

விமானிகளும் புதிதாகப் பழக வேண்டும். முள்ளின் சாய்வைக் கொண்டே வேகத்தை ஊகித்து இருபது ஆண்டுகள் பழகிய கண்ணுக்கு, மேலும் கீழும் ஓடும் எண் பட்டை முதலில் அந்நியமாகவே தோன்றும். பயிற்சிக் கூடத்தில் போலி விமானி அறையில் பயின்ற பிறகே மெய்யான விமானத்தில் அமர்கிறார்கள்.

கடைசி வேலை ஒன்று உண்டு. இவ்வளவு மின்னணுக் கருவிகளுக்கு நடுவிலும், முகப்புக் கண்ணாடியை ஒட்டி, திரவத்தில் மிதக்கும் சிறு காந்தத் திசைகாட்டி பழைய இடத்திலேயே இருக்கிறது. மின்சாரம் முழுவதும் நின்றுபோனாலும் அது திசை காட்டும். பலகையிலுள்ள கம்பிகளின் மின்னோட்டம் மாறிவிட்டபடியால் அதன் பிழையும் மாறியிருக்கும். ஆகவே இரும்புப் பொருள்களுக்கு அப்பால் விலகிய திறந்த தளத்துக்கு விமானத்தை இழுத்துச் சென்று, எஞ்சினையும் கருவிகளையும் இயக்கி, முப்பது முப்பது பாகையாகத் திருப்பி நிறுத்தி, ஒவ்வொரு திசையிலும் உள்ள வேற்றுமையைக் குறிக்கிறார்கள். அதன் பின், அந்த எண்களை எழுதிய சிறு அட்டையைத் திசைகாட்டியின் கீழே செருகி விடுகிறார்கள்.