இருபத்து மூன்று சிறு வேலைகள்

நூலகத்தின் வாயிலருகே மேசையிட்டு அமர்ந்திருக்கும் நூலகரிடம் நாம் கேட்கும் கேள்விகளுக்கு எல்லையே இல்லை. தேர்வுக்குப் படிக்கும் மகனுக்கு எந்நூல் உதவும் என்று கேட்கிறோம். முப்பதாண்டுகளுக்கு முன் படித்த புதினத்தின் பெயரை மறந்துவிட்டு, அதன் அட்டை பச்சை நிறம் என்று மட்டும் சொல்லித் தேடித் தரச் சொல்கிறோம். அவரும் முகம் சுளிக்காமல் எழுந்து செல்கிறார். எதனை எங்கே தேடுவது என்பதை அறிந்தவர் என்பதே அவருக்குள்ள பெருமை. அத்தகையவர் முன் ஒரு பள்ளி மாணவன் வந்து நின்று, தான் அன்றாடம் கையாளும் ஒரு கருவியின் பெயரைச் சொல்லி ஐயம் கேட்கிறான். அப்பெயரையே அவர் கேள்வியுற்றதில்லை என்றால் அவர் உள்ளம் என்ன பாடுபடும்!

2005, 2006 ஆகிய ஆண்டுகளில் உலகெங்கும் நூலகர் பலர் இந்நிலையில்தான் இருந்தனர். இணையம் அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் அதுவரை இணையம் என்பது யாரோ எழுதி வைத்ததை நாம் படிக்கும் இடமாக இருந்தது. திடீரென அது எல்லாரும் எழுதும் இடமாக மாறிற்று. நிழற்படங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஃபிளிக்கர் 2004இல் பிறந்தது. யூடியூப் 2005இல் பிறந்தது. வலைப்பதிவு எழுதுவோர் பெருகினர். நூலகத்துக்கு வரும் இளைஞர் இவற்றையெல்லாம் வெகு இயல்பாகக் கையாண்டனர். மேசைக்குப் பின்னால் இருந்தவரோ, தமக்குத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லவும் கூசினார்.

இக்கூச்சத்தைப் போக்க அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலத்துச் சார்லட் நகரப் பொதுநூலகத்தில் எடுக்கப்பட்ட முயற்சியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். அந்நூலகத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர் ஹெலீன் புளோவர்ஸ் என்னும் அம்மையார். ஊழியர் அனைவரையும் அழைத்து வகுப்பு நடத்தியிருக்கலாம், அதுதான் வழக்கம். அவரோ வகுப்பும் வைக்கவில்லை, ஆசிரியரையும் அமர்த்தவில்லை. இருபத்து மூன்று சிறு வேலைகளைப் பட்டியலிட்டு, ஒன்பது வாரங்களுக்குப் பகுத்து, 2006 ஆகஸ்ட் மாதத்தில் ஊழியர் முன் வைத்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஏப்ரம் என்னும் நூலகத்துறை அறிஞர், ஓராண்டில் செய்து பார்க்கத்தக்கவை என நாற்பத்து மூன்று காரியங்களைக் குறித்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதுவே அம்மையாருக்குத் தூண்டுகோலாயிற்று. நாற்பத்து மூன்றை இருபத்து மூன்றாகக் குறைத்ததில் அவருடைய நல்லறிவு தெரிகிறது.

இத்திட்டத்தில் நம்மைக் கவர்ந்தவை, வெளிப்பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இரண்டொரு ஏற்பாடுகள். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வலைப்பதிவைத் தொடங்கி, ஒவ்வொரு வேலையையும் முடித்தபின் தாம் கண்டதை அதில் எழுத வேண்டும். ஆனால் சொந்தப் பெயரில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். தமக்கு விளங்கவில்லை என்பதை மேலதிகாரி பார்க்கும் இடத்தில் எழுத எவருக்குத்தான் துணிவு வரும்? புனைபெயர் அத்துணிவைத் தந்தது. மேலும், விளங்காத இடத்தில் சக ஊழியரைக் கேட்டுக் கற்கலாம். முழுவதையும் குறித்த நாளுக்குள் முடித்தவர்க்குப் பாட்டுக் கேட்கும் சிறு எம்பி3 கருவி ஒன்று பரிசு. அவர்கள் பெயர்களைக் குலுக்கிப் போட்டு ஒருவருக்கு மடிக்கணினியும் உண்டு. பெரியவர்களுக்குப் பரிசு காட்டிப் படிக்க வைப்பதா என்று சிலர் நகைக்கலாம். நமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. அக்கருவியும் பாடத்தின் ஒரு பகுதியே. கேட்கும் நூல்களை நூலகம் இரவல் தரத் தொடங்கிய காலம் அது. ஊழியர் தம் கையில் அதை வைத்துப் பழகாமல் வாசகர்க்கு எப்படி எடுத்துச் சொல்வர்?

வேலைகள் எளியவை. முதல் வாரத்தில் திட்டத்தைப் படித்துக்கொள்ள வேண்டும். வாழ்நாள் முழுதும் கற்போர்க்குரிய ஏழரைப் பழக்கங்களைப் பற்றிய ஒரு விளக்கத்தையும் கேட்க வேண்டும். அதென்ன அரைப் பழக்கம்? விளையாட்டுத்தான் அது. பிறகு வலைப்பதிவு, நிழற்படம், செய்தியோடைகள் என்று வாரம் ஒன்றாக நகர்ந்து, ஐந்தாம் வாரத்துக்கு விளையாட்டு வாரம் என்றே பெயரிட்டிருந்தனர். தம் வீட்டு நூல்களை லைப்ரரிதிங் என்னும் தளத்தில் அட்டவணைப்படுத்திப் பார்ப்பது அவ்வார வேலைகளுள் ஒன்று. ஊர்ப் பொதுநூல்களையெல்லாம் அட்டவணைப்படுத்தியவர், தம் வீட்டு அலமாரியை அதுவரை அட்டவணைப்படுத்தியிருப்பாரோ என்பது ஐயமே!

விளையாட்டைப் பற்றிப் பேசும்போது சீர்காழியில் 1892இல் பிறந்த நம் எஸ்.ஆர்.ரங்கநாதனை நினையாதிருக்க இயலவில்லை. கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகக் கல்விக்காக இலண்டன் சென்ற அவர், அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்னும் பிள்ளைகள் விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட சில தகடுகளும் திருகாணிகளும் கொண்டு வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். நூல்களின் பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து வேண்டியபடி இணைக்கலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அவ்வெண்ணத்தின் விளைவே. உலக நூலகத் துறையே வியந்த ஒரு முறை, கடையில் கண்ட விளையாட்டுப் பொருளில் கருக்கொண்டது.

சார்லட் பட்டியலின் ஆறாம் வாரத்துப் பாடம் ரங்கநாதன் காட்டிய வழிக்கு நேர் எதிரானது. குறிச்சொல் இடுதல் என்பது அப்பாடம். நூலகர் ஒரு நூலுக்குத் தலைப்பிடும்போது வகுத்து வைத்த விதிப்படியே இடுவார். டெலிசியஸ் போன்ற தளங்களிலோ எவரும் எப்பொருளுக்கும் தமக்குத் தோன்றிய சொல்லைச் சூட்டலாம். ஒருவர் ‘சமையல்’ என்பார். மற்றொருவர் ‘அம்மா’ என்பார். விதிப்படி வேலை செய்து பழகியவர்க்கு இது குப்பை மேடாகவே தோன்றும். அப்படி நினைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இக்குப்பையில் மணியும் உண்டு என்பதற்குச் சான்று ஒன்று பின்னர்க் கிடைத்தது.

2008 ஜனவரியில் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் தன் பழைய நிழற்படங்களுள் சுமார் மூவாயிரத்தை ஃபிளிக்கரில் வைத்து, எவரும் குறிச்சொல் இடலாம், கருத்தும் எழுதலாம் என்று திறந்துவிட்டது. அவற்றுள் ஒரு பகுதி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெய்ன் என்னும் செய்தி நிறுவனம் எடுத்தவை. பலவற்றில் படத்தகட்டின் ஓரத்தில் கிறுக்கியிருந்த இரண்டொரு சொற்களே முழு விவரம். அச்சொற்களிலும் பிழை இருக்கும். யாரிவர், எவ்வூர், எந்நாள் என்று நூலகத்தாருக்கே தெரியாது. பொதுமக்கள் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி ஆட்களை அடையாளம் கண்டனர். கட்டடங்களைக் கொண்டு தெருவைக் கண்டனர். அவ்வாண்டு அக்டோபருக்குள் அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட குறிச்சொற்களும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கருத்துரைகளும் சேர்ந்தன. தகாதவை என்று நீக்க நேர்ந்தவை இருபத்தைந்துக்கும் குறைவு. நூலகத்தார் வந்ததையெல்லாம் அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களின் பதிவேட்டுக் குறிப்புகளைத் திருத்தினர். அறுபத்தேழாயிரத்திலிருந்து ஐந்நூறு! சிறு தொகைதான். ஆனால் பெயரிழந்து கிடந்த ஒரு மனிதருக்கு நூறாண்டுக்குப்பின் பெயர் திரும்பக் கிடைப்பதைச் சிறிதென்று நாம் எண்ணுவதற்கில்லை.

மீண்டும் சார்லட்டுக்கு வருவோம். எட்டாம் வாரத்தில் தமிழ் மண்ணோடு தொடர்புடைய ஒரு பெயர் வருகிறது. கணினியில் மென்பொருள் எதையும் நிறுவாமல், இணையத்திலேயே கடிதமும் கட்டுரையும் எழுதிச் சேமிக்கும் வசதி அப்போது புதுமையாக இருந்தது. அதற்கு எடுத்துக்காட்டாக ஊழியர் பழகியது ஜோஹோ ரைட்டர். ஸ்ரீதர் வேம்பு முதலியோர் தொடங்கி, பெரும்பகுதிப் பணிகளைச் சென்னையில் செய்துவந்த அட்வென்ட்நெட் நிறுவனம் 2005இல் வெளியிட்ட கருவி அது; 2009இல் அந்நிறுவனமே ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. வட கரோலைனாவில் ஒரு நூலகர் அஞ்சியஞ்சித் தட்டச்சிட்ட முதல் இணையக் கடிதம், சென்னையில் அமர்ந்த இளைஞர் எழுதிய நிரலின் மேல் எழுதப்பட்டது என்றால் நமக்கு மகிழ்ச்சி ஏற்படாதா?

புளோவர்ஸ் அம்மையார் தம் பட்டியலைப் பூட்டி வைக்கவில்லை. எவரும் எடுத்துத் தம் நூலகத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று உரிமம் அளித்தார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரை அடுத்த யாரா பிளென்டி நூலகம் முந்திக்கொண்டது. டேனிஷ் மொழியிலும் டச்சு மொழியிலும் பட்டியல்கள் எழுந்தன. 2010இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தாரும் தமக்கென ஒரு பட்டியல் வகுத்து நடத்தினர். இருபத்து மூன்று என்னும் எண்ணே நூலகத் துறையில் ஒரு சொல்லாகிவிட்டது.

இனி, கசப்பான பகுதியையும் சொல்லியாக வேண்டும். அன்றைய பட்டியலை எடுத்து வரிசையாக இன்று தொடர முயன்றால் பாதி வழியிலேயே நிற்க நேரும். செய்தியோடைகளுக்கு அவர்கள் பயன்படுத்திய புளாக்லைன்ஸ் இன்று இல்லை. அதற்கு மாற்றாகப் பலர் ஓடிச் சேர்ந்த கூகுள் ரீடரும் 2013 ஜூலை முதல் நாளன்று மூடப்பட்டது. டெலிசியஸ் கைமாறிக் கைமாறி, 2017இல் புதிதாக எதையும் சேர்க்க இயலாதவாறு நிறுத்தப்பட்டது. பல்லாயிரம் நூலகர்கள் தொகுத்து வைத்த இணைப்புகள், பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் சாமான்களைப் போலாயின. ஃபிளிக்கரும் லைப்ரரிதிங்கும் யூடியூபும் ஜோஹோவும் நிலைத்தன. எது நிற்கும், எது விழும் என்று 2006இல் எவராலும் சொல்லியிருக்க இயலாது. இன்று சமூக ஊடகம் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் முகநூல் அப்பட்டியலிலேயே இல்லை! அவ்வொன்பது வாரங்கள் நடந்துகொண்டிருந்தபோது, செப்டம்பர் இறுதியில்தான், அது மாணவர் வட்டத்தைத் தாண்டிப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. டுவிட்டர் அவ்வாண்டு ஜூலையில் பிறந்த குழந்தை.

அப்படியாயின் அவ்வுழைப்பெல்லாம் வீணா? கருவியைக் கற்றவர்க்கு ஒருவேளை வீணாகியிருக்கும். அஞ்சாமல் திறந்து பார்க்கலாம், கெட்டுவிட்டால் மறுபடி செய்யலாம் என்பதைக் கற்றவர்க்கு அப்படியன்று. ஏழரைப் பழக்கங்களில் அந்த அரையைச் சேர்த்தவர் அறிந்தே சேர்த்திருக்க வேண்டும்.

இன்னொரு கவலையும் நமக்கு உண்டு; அது இதைவிடப் பெரிது. வாசகர் எந்நூலை எடுத்தார் என்பதைப் பிறர்க்குச் சொல்லலாகாது என்பது நூலகர் நெறி. அமெரிக்க நூலகச் சங்கம் 1939இலேயே இதைத் தன் ஒழுக்க விதிகளில் எழுதி வைத்தது. அந்நாட்டு மாநிலங்களுள் பெரும்பாலானவற்றில் இதற்குச் சட்டமும் உண்டு. ஒரு பெண் எந்நோயைப் பற்றிய நூலை இரவல் வாங்கினாள் என்பது அவளுக்கும் அம்மேசைக்கும் இடையே நின்றுவிடும். சமூக ஊடக நிறுவனங்களின் வருவாயோ, யார் எதைப் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்று குறித்து வைப்பதிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது. நூலகம் தன் வாசகரை அங்கே அழைக்கும்போது, ஒரு கையால் காத்ததை மறு கையால் கொடுத்துவிடுகிறதோ என்னும் கேள்வி எழுகிறது. 2006ஆம் ஆண்டுப் பட்டியலில் இதற்குத் தனியே ஒரு வேலை ஒதுக்கப்படவில்லை. அன்றைய உற்சாகத்தில் அது கண்ணில் படவில்லை போலும். நாமே இன்று அப்பட்டியலை வகுப்பதாயின், முதல் வாரத்திலேயே அதை வைப்போம். கருவியைத் திறக்குமுன் அதன் உரிமையாளர் யார், நம் செய்தி அவரிடம் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்வோம்.

சார்லட் நூலகம் பின்னர் வேறொரு சோதனையைக் கண்டது. பொருளாதார நெருக்கடியின் விளைவாக, 2010 மார்ச்சில் அதன் இருபத்து நான்கு கிளைகளுள் பன்னிரண்டை மூட அறங்காவலர் குழு தீர்மானித்தது. ஊரார் கொதித்தெழுந்தனர், நன்கொடை திரண்டது, பன்னிரண்டும் மூடப்படவில்லை. எனினும் சில கிளைகள் மூடப்பட்டன, திறந்திருக்கும் நேரம் குறைக்கப்பட்டது, ஊழியர் பலர் வேலை இழந்தனர். நான்காண்டுகளுக்கு முன் உலக நூலகங்களுக்கெல்லாம் வழிகாட்டிய இடம் அது. புதுக்கருவிகளைக் கற்றதனால் அவர்கள் வேலை தப்பிவிடவில்லை என்பதை மறைத்து எழுதுவது முறையாகாது. புளோவர்ஸ் அம்மையார் அதற்கு முன்பே ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகர நூலகத்தில் பணியேற்றுச் சென்றிருந்தார்.

அந்த இருபத்து மூன்று வேலைகளில் கடைசி வேலை எது தெரியுமா? இவ்வொன்பது வாரங்களைப் பற்றி உமக்குத் தோன்றியதை உம் வலைப்பதிவில் எழுதுக என்பதே. அவர்கள் எழுதினர். புனைபெயரில் தொடங்கப்பட்ட அவ்வலைப்பதிவுகளுள் பலவற்றுக்கு அதுவே இறுதிப் பதிவாகவும் அமைந்தது. எழுதி முடித்தவர்கள் பரிசுக் கருவியைப் பெற்றுக்கொண்டு மேசைக்குத் திரும்பினர்.